பாலகாட்டுக்கு ஓர் எல்லைக்கோடு வேண்டும்

கோலார் தங்கவயலின் வடபகுதியில் பாலகாட் என்றொரு குடியிருப்பு உண்டு. இப்பெயரைத் தமிழில் எழுதும்போது ஒரு ககர மெய்யைக் கூடுதலாக இட்டுவிட்டால், எழுதியவர் கேரளத்தின் பாலக்காட்டுக்குப் போய்விடுவார். உரோமன் எழுத்தில் தேடினால் மத்தியப் பிரதேசத்தின் பாலாகாட் மாவட்டம் முன்வந்து நிற்கும். இரண்டு பெரிய ஊர்களுக்கு நடுவே ஒரு சிறிய ஊர் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத் தடுமாறுகிறது. இத்தடுமாற்றத்தை எழுத்துக்கூட்டல் சிக்கல் என்று ஒதுக்கிவிடலாம். ஒதுக்கக் கூடாது என்பதே இப்பதிவின் வாதம். தங்கவயலின் சுரங்கக் குடியிருப்புகள் ஒவ்வொன்றுக்கும் பெயரும் எல்லையும் வரலாறும் கொண்ட ஒரு முறையான பதிவேடு உருவாக வேண்டும். அந்நிலம் வேறு பயன்பாட்டுக்குப் பங்கிடப்படுவதற்கு முன்பே அது உருவாக வேண்டும். அப்பணியைத் தொடங்கும் பொறுப்பு பல்கலைக்கழகங்களில் இருக்கும் நமக்கும் உண்டு.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'பாலா' என்பது பாரசீகத்தில் 'மேல்' எனப் பொருள்படும். 'காட்' என்பது மலைத்தொடரையும் அதன் கணவாயையும் குறிக்கும் வட இந்தியச் சொல். இரண்டும் சேர்ந்தால் மலைக்கு மேலுள்ள நாடு. இதன் இணைச்சொல் 'பாயின்காட்', அதாவது மலைக்குக் கீழுள்ள நாடு. தக்காணத்து ஆட்சியாளர்கள் தெற்கு நோக்கி வந்தபோது கர்நாடகப் பெருநிலப்பரப்பை இவ்விரு சொற்களால் பகுத்தனர். 17ஆம் நூற்றாண்டில் பீஜப்பூர் அரசின் கீழ் சாஹாஜி ஆண்ட கர்நாடக பாலாகாட்டில் பெங்களூரு, ஹொசகோட்டை, சிரா ஆகியவற்றோடு கோலாரும் அடங்கும். 1687இல் முகலாயர் சிராவைத் தலைமையாகக் கொண்டு அமைத்த மாகாணத்தின் ஏழு பர்கனாக்களுள் கோலாரும் ஒன்று. 1768ஆம் ஆண்டு மசூலிப்பட்டின உடன்படிக்கையிலும் கர்நாடக பாலாகாட் என்ற பெயர் பேரம் பேசப்படும் பொருளாக இடம்பெற்றது. ஆர்க்காட்டு நவாபின் நாடு மறுபுறம் பாயின்காட் ஆயிற்று.

அந்தப் பேரரசுச் சொல் ஒரு சுரங்கத்தின் பெயராகி, சுரங்கத்திலிருந்து தொழிலாளர் வாழும் பகுதியின் பெயராகிக் குறுகியது. இலண்டனில் பதிவாகி அங்கேயே பங்கு விற்ற நிறுவனங்கள் தங்கவயலில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர்களைப் பாருங்கள்: மைசூர், நந்திதுர்க், கோரமண்டல், பாலகாட். நந்திதுர்க் என்பது பல கல் தொலைவிலுள்ள ஒரு மலைக்கோட்டையின் பெயர். கோரமண்டல் என்பது சோழமண்டலத்தின் ஐரோப்பியத் திரிபு, கடற்கரையின் பெயர். அது கடலே தெரியாத மேட்டுநிலத்தில் வந்து குடியேறி, இன்றும் ஒரு தொடர்வண்டி நிலையத்தின் பெயராக இருக்கிறது. மலைக்கு மேலுள்ள நாட்டின் பெயரும் மலைக்குக் கீழுள்ள கரையின் பெயரும் ஒரே வயலில் அண்டைவீட்டாராகிவிட்டன. பங்கு வாங்குவோரின் காதுக்கு இந்தியாவை நினைவூட்டும் பெயர்களாக இவை தெரிந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. மண்ணிலிருந்து முளைத்த பெயர்கள் வேறு. 1802இல் மைசூர் அரசின் கிழக்கெல்லையை அளக்க வந்த ஜான் வாரன், மக்கள் மண்ணை அலசிப் பொன் எடுத்ததைக் கண்டு எழுதியபோது, உரிகமும் மாரிக்குப்பமும் பெயர் பெற்ற ஊர்களாகவே இருந்தன. அவருடைய குறிப்பைப் படித்துத்தான், நியூசிலாந்துப் போர்களில் பணியாற்றித் திரும்பிய மைக்கேல் லவெல் இங்கு வந்து 1875இல் சுரங்க உரிமம் பெற்றார். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் நுழைந்தது.

அதன் பின்னர் நடந்த குடியேற்றத்தை மேற்சொன்ன இரு சொற்களாலேயே சொல்லிவிடலாம். வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களும் தெலுங்கரும் தங்கவயலுக்கு ஏறினார்கள். அவர்களுள் பெரும்பாலோர் நிலமற்ற, தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். பாலாற்றங்கரையின் ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் பக்கத்துச் சமவெளி பாயின்காட். தங்கவயல் பாலாகாட். பண்ணையிலிருந்து தப்பி மலையேறிய மக்கள், 'மேலே' என்று பொருள்படும் ஒரு பெயரின் கீழ் வந்து தங்கினார்கள். ஏறி வந்தவர்களைப் பூமிக்குள் இறக்கியது வேலை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலாகக் கீழே சென்றது. பெயரிட்டவர்கள் இந்த முரணை எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் ஊர்ப்பெயரைப் படிப்பவர் எண்ணாமல் இருக்க முடியாது.

இப்பெயரைத் தமிழர்கள் எப்படித் தமதாக்கிக்கொண்டார்கள் என்பதற்குச் சான்று இலக்கணத்திலேயே உள்ளது. வேற்றுமை உருபு ஏற்கும்போது 'பாலகாட்' என்பது 'பாலகாட்டில்', 'பாலகாட்டுக்கு' என்று டகரம் இரட்டித்து வரும். 'காடு' என்னும் தமிழ்ச்சொல் 'காட்டில்', 'காட்டுக்கு' என வருவதோடு அது அச்சாக ஒத்துப்போகிறது. பாரசீகமும் வடமொழியும் கலந்த ஒரு நிர்வாகச் சொல், உருபு ஏற்றவுடன் ஒரு காட்டின் பெயராக ஒலிக்கிறது. ரா.பி. சேதுப்பிள்ளை 'ஊரும் பேரும்' நூலில் காட்டிய வழியில் ஊர், பட்டி, குப்பம் என்று ஈறு பிரித்துப் பொருள் காண முற்பட்டால், பாலகாட் நம்மைத் தவறான இடத்துக்கு இட்டுச்செல்லும். மாரிக்குப்பம் சரியாக விடை சொல்லும், பாலகாட் சொல்லாது. எனவே ஊர்ப்பெயர் ஆய்வு, ஈற்றை மட்டும் நம்பாமல், குத்தகைப் பத்திரத்தையும் தொடர்வண்டிக் கால அட்டவணையையும் தொழிற்சங்கத் துண்டறிக்கையையும் சான்றாகக் கொள்ளப் பழக வேண்டும்.

'இவ்வளவு சிறிய இடத்துக்கு இத்தனை ஆய்வா' என்ற கேள்வி எழும். இதற்கு விடையாக ஓர் ஆஸ்திரேலிய எடுத்துக்காட்டைச் சொல்ல வேண்டும். தங்கவயலுக்கும் அந்நாட்டுக்கும் உறவு உண்டு என்பதால்தான் அங்கே போகிறேன். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் 1860களில் செம்புத்தொழில் சரிந்தபோது, அப்பகுதிச் சுரங்கத் தொழிலாளர்கள் உலகெங்கும் சிதறினார்கள். ஒரு சாரார் தெற்கு ஆஸ்திரேலியாவின் யார்க் தீபகற்பத்துக்குச் சென்றனர். இன்னொரு சாரார் பின்னர் கோலாருக்கு மேற்பார்வையாளர்களாக வந்தனர். யார்க் தீபகற்பத்தின் மூன்டா என்னும் ஊரில் 1861இல் செம்பு கண்டறியப்பட்டது. 1923இல் நிறுவனம் மூடப்பட்டது. தங்கவயலில் நிகழ்ந்ததைப் போலவே, அங்கும் தொழிலாளர்கள் சுரங்கக் குத்தகை நிலத்தில் குடியிருந்தார்கள். சுரங்கம் போனதும் பெரும்பாலோர் ஊரை விட்டுப் போனார்கள்.

அதன்பின் நடந்தது வேறு. மூன்டா மைன்ஸ் என்பது இன்றும் அரசிதழில் அறிவிக்கப்பட்ட எல்லையுடைய ஒரு வட்டாரம். அதைச் சுற்றிலும் ஹாம்லி, யெல்டா, பாரமாட்டா என்று சின்னஞ்சிறு வட்டாரங்கள் உள்ளன. மூன்றும் ஒருகாலத்துச் சுரங்கங்களின் பெயர்கள். சுரங்கங்கள் மறைந்து நெடுங்காலமாயிற்று. பெயர்கள் முகவரியில் வாழ்கின்றன. ஆஸ்திரேலியாவில் ஒரு கிராமப்புற வட்டாரத்தில் சில குடும்பங்களே வாழ்ந்தாலும், அதற்கு ஒரு பெயரும், ஒரே எழுத்துக்கூட்டலும், வரைபடத்தில் மூடிய ஓர் எல்லைக்கோடும் இருக்கும். தெற்கு ஆஸ்திரேலியாவில் இதற்கென 1991ஆம் ஆண்டின் புவியியற்பெயர்ச் சட்டம் இருக்கிறது. அவசர ஊர்தி எந்த வாயிலுக்குப் போக வேண்டும் என்பதிலிருந்து மக்கள்தொகைக் கணக்கு வரை அந்தக் கோட்டை நம்பியே நடக்கின்றன. 2017இல் பர்ராவும் மூன்டாவும் கார்னிஷ் சுரங்கத் தலங்களாக அந்நாட்டின் தேசிய மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இடத்துக்குப் பெயரும் எல்லையும் முன்பே இருந்ததால், மரபுத்தலமாக எதை அறிவிப்பது என்பதில் தெளிவு இருந்தது.

அந்த ஏற்பாட்டைப் புகழ்ந்து தள்ளுவது என் நோக்கமன்று. யார்க் தீபகற்பம் நரங்கா மக்களின் நாடு. குடியேறியவர்களின் எல்லைக்கோடுகள் அவர்களுடைய இடப்பெயர்களின் மேல்தான் வரையப்பட்டன. பதிவேடு என்பது யார் கையில் இருக்கிறதோ அவர்களுடைய நினைவையே காக்கும். இந்த எச்சரிக்கையையும் சேர்த்துத்தான் அந்த எடுத்துக்காட்டை இங்கே கொண்டுவர வேண்டும்.

இப்போது பாலகாட்டுக்குத் திரும்புவோம். இங்கே ஒரு குடும்பம் தன் வசிப்பிடத்தை எப்படிச் சொல்கிறது? சுரங்கத்தின் பெயரைச் சொல்லி, அதன் பின் ஒரு 'லைன்' பெயரைச் சொல்கிறது. மூங்கில் தட்டி வீடுகளாகத் தொடங்கி, பின்னர் சிறு ஓட்டு வீடுகளின் வரிசைகளாக மாறிய தொழிலாளர் குடியிருப்புதான் லைன். மக்கள் பேச்சில் அதுவே ஊர். திருமணப் பத்திரிகையிலும் இரங்கல் அறிவிப்பிலும் அதுவே முகவரி. ஆட்சியின் ஏடுகள் வேறு மொழி பேசுகின்றன. நகராட்சிக்கு வார்டு எண் போதும். வருவாய்த்துறைக்குக் கிராமப் பெயரும் சர்வே எண்ணும் போதும். அஞ்சலுக்கு ஆறு இலக்கம் போதும். நிறுவனத்துக்கு அது சொத்துப் பட்டியலில் ஒரு குடியிருப்புத் தொகுதி. மக்கள் எந்தப் பெயரால் தம் ஊரை அறிகிறார்களோ, அந்தப் பெயர் இல்லாமலே இவை அனைத்தும் இயங்கிவிடுகின்றன.

வரலாற்றில் ஒருமுறை இதன் மறுபக்கம் நிகழ்ந்தது. 1930இல் தொழிலாளர் ஒவ்வொருவரின் விரல்ரேகையையும் பதிய வேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்துத் தங்கவயல் முழுவதும் வேலைநிறுத்தம் எழுந்தது. ஜானகி நாயர் தம் ஆய்வில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். நிறுவனத்துக்கு உடலை அடையாளம் காண்பது இன்றியமையாததாக இருந்தது. தங்கம் வெளியே போய்விடுமோ என்ற அச்சம் அதற்கு. அந்த உடல் எந்த ஊரில் உறங்கி எழுந்தது என்பதை ஊராக மதித்துப் பதிய அதற்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை. ரேகையைக் கேட்ட அதிகாரம் ஊர்ப்பெயரைக் கேட்கவில்லை. நிறுவனம் மாறிய பிறகும் அந்த மனப்போக்கு மாறவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

நிறுவனம் பலமுறை மாறியது. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியபோது இயங்கிக்கொண்டிருந்தவற்றுள் பாலகாட் இல்லை. ஐந்து பெருஞ்சுரங்கங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டிருந்த அது, அதற்கு முன்பே தனிச்சுரங்கம் என்ற நிலையை இழந்திருந்தது. 1962இல் மைய அரசிடம் சென்றவை, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனமாயின. 2001 பிப்ரவரி 28 அன்று எல்லாம் மூடப்பட்டன. ஆகவே பாலகாட் இருமுறை மூடப்பட்ட இடம்: முதலில் சுரங்கமாக, பின்னர் வாழ்வாதாரமாக. மற்ற பகுதிகளின் வரலாற்றை 2001இல் முடிக்கிறவர்கள் இந்த வேறுபாட்டைக் காண மாட்டார்கள். சிறிய இடத்தின் வரலாறு, பெரிய இடத்தின் வரலாற்றைச் சுருக்கி எழுதியது ஆகாது. அதற்கெனத் தனிக் காலவரிசை உண்டு.

தங்கவயலைப் பற்றிய பொதுக்கதைகளோ எப்போதும் பெரியவற்றையே தேடுகின்றன. ஏறத்தாழ 800 டன் தங்கம்; சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து 1902இல் வந்த மின்சாரம்; சாம்பியன் ரீஃபின் ஆழத்தில் 1965இல் இயற்பியலாளர்கள் கண்ட வளிமண்டல நியூட்ரினோ. இவை யாவும் உண்மை, யாவும் பெருமைக்குரியவை. அண்மைக் காலத் திரைப்படங்கள் தங்கவயலின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றிருக்கின்றன. ஆனால் இக்கதைகளில் ஊர் என்பது ஒரே ஓர் எழுத்துச் சுருக்கமாக, கே.ஜி.எஃப். என்று மட்டுமே நிற்கிறது. அச்சுருக்கத்துக்குள் ஊர்களாக வாழ்ந்த இடங்களுக்கு அதில் பெயரில்லை.

பெயர் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் தங்கவயலே சான்று தருகிறது. அயோத்திதாசரின் தென்னிந்திய பௌத்த இயக்கத்தைப் பயிலும் மாணவர்கள் மாரிக்குப்பத்தையும் சாம்பியன் ரீஃபையும் அறிவார்கள். அங்கே சங்கக் கிளைகள் இருந்தன. அயோத்திதாசரின் எழுத்துகளைச் சித்தார்த்தா புத்தகசாலை சாம்பியன் ரீஃபிலிருந்து மறுபதிப்பாக வெளியிட்டது. அவர் மறைவுக்குப் பின் 'தமிழன்' இதழும் தங்கவயலிலிருந்து வெளிவந்தது. நூலின் முகப்பில் ஒரு வட்டாரத்தின் பெயர் அச்சேறியதால், தமிழ் அறிவுவரலாற்றில் சாம்பியன் ரீஃபுக்கு ஓர் இடம் கிடைத்தது. பதிப்பகமோ சங்கமோ அமையாத குடியிருப்புகளில் சிந்தனையும் படிப்பும் போராட்டமும் இல்லாமல் போய்விட்டனவா? இல்லை. அவற்றின் பெயர் நம் நூற்பட்டியல்களுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் இப்போது ஏன் அவசரமாகச் சொல்கிறேன் என்றால், நிலம் கைமாறும் காலம் நெருங்கிவிட்டது. 2024 ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை, தங்கவயலின் 13 கழிவுமண் மேடுகளைத் தோண்டிக் கனிமம் எடுக்கும் மைய அரசின் திட்டத்துக்கு இசைவளித்தது. மக்கள் சயனைடு மேடு என்றழைக்கும் இவை 1,003 ஏக்கருக்கு மேல் பரவியவை; அவற்றில் ஏறத்தாழ 3.3 கோடி டன் மண் இருப்பதாகக் கணக்கு. எஞ்சிய நிலத்தில் தொழில்நகரம் அமைப்பது பற்றியும் பேச்சு நடக்கிறது. வேலைவாய்ப்பு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. நாள்தோறும் விடியலில் தொடர்வண்டியேறி பெங்களூருவுக்கு வேலைக்குப் போகும் ஆயிரக்கணக்கானோருக்கு ஊரிலேயே வேலை கிடைப்பது நல்லது. ஆனால் ஒரு திட்ட வரைபடத்தில் மேடு இருக்கும், ஏக்கர் இருக்கும், சர்வே எண் இருக்கும். அதில் ஊர் இருக்குமா? மூன்று நான்கு தலைமுறையாக நாங்கள் இங்கே வாழ்கிறோம் என்று ஒரு குடும்பம் வீட்டுரிமை கேட்கும்போது, 'இங்கே' என்ற சொல்லுக்கு எந்த ஏட்டிலும் எல்லை இல்லையென்றால் அக்கோரிக்கை காற்றில் நிற்கும்.

எதிர்வாதங்கள் இரண்டைக் கேட்டிருக்கிறேன். முதலாவது: இவை குடியேற்றக் காலத்துக் கம்பெனிப் பெயர்கள், ஒழியட்டும். இவ்வாதத்தில் நியாயமான கோபம் இருக்கிறது. ஆனால் ஒரு பெயரை இட்டவர் மட்டுமே அதன் உடைமையாளர் அல்லர். நூறாண்டுகளுக்கு மேலாக அதை உச்சரித்து, உருபேற்றி, அதில் பிறந்து இறந்தவர்களுக்கும் அது உரியது. பெளரிங் என்ற ஆணையரின் பெயரால் அமைந்த பெளரிங்பேட்டையை மக்கள் பங்காரப்பேட்டை என்று பொன்னூராக்கிக்கொண்டார்கள். மாற்றுவதா வைத்துக்கொள்வதா என்பதை அங்கே வாழ்பவர்கள் முடிவு செய்யட்டும். அதற்கும் முதலில் பெயர் பதிவாகியிருக்க வேண்டும்.

இரண்டாவது: கர்நாடகத்தில் தமிழ் வடிவங்களைப் பதிவது மொழிச்சண்டைக்கு வழிவகுக்கும். தங்கவயல் ஒருமொழி ஊராக ஒருபோதும் இருந்ததில்லை. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, ஆங்கிலம் என ஐந்தும் அதன் மொழிகள். ஒவ்வொரு பெயருக்கும் இவை அனைத்திலும் வழங்கும் வடிவங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைப்பதே பதிவேட்டின் இயல்பு. தமிழ்நாட்டில் 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்ற அனுபவம் நமக்கு உண்டு. ஒலிப்பியலாளரையும் ஊராரையும் முன்கூட்டியே கலந்துகொள்ளாமல் மேலிருந்து எழுத்துக்கூட்டல் இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே பாடம்.

பணி பெரிதன்று. ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு பக்கம் போதும். பெயரின் வடிவங்கள், ஒலிப்பு, முதியவர்களோடு நடந்து குறித்த எல்லை, குடிவந்த காலம், எங்கிருந்து வந்தார்கள் என்ற நினைவு, கோயில், தேவாலயம், மசூதி, விகாரை, பள்ளி, தண்ணீர்க்குழாய். சான்றுகள் சிதறிக் கிடக்கின்றன: திருச்சபையின் திருமுழுக்கு ஏடுகள், பள்ளிச் சேர்க்கைப் பதிவுகள், திருவிழா அறிவிப்புகள், சங்கத் துண்டறிக்கைகள், கம்பெனி வரைபடங்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு, ஆந்திரம் என்று எல்லை பார்த்துத் துறைகள் தயங்க வேண்டியதில்லை. நான்கு தென்மாநிலங்களின் ஒத்துழைப்போடு 1997இல் உருவான திராவிடப் பல்கலைக்கழகம், தங்கவயலுக்கு அருகே குப்பத்தில்தான் இருக்கிறது. மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களிடம் நான் கேட்பது இதுதான்: ஒரே ஒரு லைனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எல்லையை நடந்து பாருங்கள். நிர்வாகத்திடம் அதிகாரப்பூர்வ ஏற்பைக் கேட்பது அடுத்த படி. கேட்பதற்கு நம் கையில் ஓர் ஏடு வேண்டும்.

சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் பலர் அதை நேரில் கண்டவர்கள். அவர்களுக்கு இப்போது வயது ஆகிறது. எந்த லைன் எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்பதை வரைபடம் இல்லாமலே சொல்லக்கூடியவர்கள் அவர்கள். கழிவுமண்ணில் எஞ்சியிருக்கும் தங்கத்தை எத்தனை ஆண்டுகள் கழித்தும் சலித்தெடுக்கலாம். இந்த அறிவை அப்படி எடுக்க முடியாது.